ஹவில்தாருக்குப் பலூன் பயம்

ஜூன் 8, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். கடற்காற்றுக்கும் ஞாயிறு லீவு போல. கெமிஸ்ட்ரி ரெக்கார்டு பாக்கி.

மாமா பையனுக்குப் பிறந்தநாள். கேக், பிரியாணி, வீடு முழுக்கப் பலூன். எனக்கு ஊசி ஒன்று போதாதா. நைனாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் ஒரு பலூனில் ஒரே குத்து. தட்டோடு தரையில் நைனா. தலைக்கு மேல் இரண்டு கையும்.

முதலில் சிரித்தது நான். பிறகு எல்லோரும்.

"இன்னா ஹவில்தாரு, பார்டர்லயும் இப்பிடித்தான் படுத்துகினு இருந்தியா?" மாமா.

கரண்டியை மைக்காக்கி நான்: "பலூன் தாக்குதலில் உயிர் தப்பிய வீரர், இதோ நம்மிடையே."

இன்னும் பெரிய சிரிப்பு. நைனா எழுந்தார். சட்டையெல்லாம் கிரீம். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

அம்மா பேசவில்லை. பாத்திரங்கள் பேசின. செருப்பு வார் அறுந்தது.

சாயங்காலம் அவளே சொன்னாள். காஷ்மீரில் நைனாவின் வண்டிக்கு முன்னால் போன வண்டி வெடித்தது. அதில் அவருடைய கூட்டாளி. அன்று போன தூக்கம். சத்தமும் ஆகாது. நான் இத்தனை நாள் வெறும் முன்கோபம் என்று நினைத்திருந்தேன்.

சண்டையில் வந்த மனநோய் என்று டிசபிலிட்டி பென்ஷன் கேட்டு மனு போட்டிருக்கிறார். ஒருமுறை தள்ளுபடி. அப்பீலில் மறுபடி டாக்டர்கள் பார்க்கிறார்கள், வியாழன்.

"அவரு வாயத் தொறந்து சொன்னாத்தான்டி ஆவும். கெஞ்சி கெஞ்சி ஒத்துக்க வெச்சேன். நீ போயி குத்திட்ட."

"பலூனத்தானம்மா..." என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஜூன் 12, வியாழன்

ஸ்கூலுக்கு மட்டம். அம்மாவுக்குக் காய்ச்சல், துணைக்கு நான். சென்னை, ராணுவ ஆஸ்பத்திரி. நைனா மழமழவென்று ஷேவ், ஷூவில் முகம் தெரியும் பாலிஷ். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. பஸ் நெம்மேலி தாண்டும்போது மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "தண்ணி வோணுமா நைனா?" என்று கேட்டேன். வேண்டாமாம்.

தமிழ் டாக்டர்தான், கர்னல். என்னையும் உள்ளே விட்டார்கள். நைனா கால் சேர்த்து விறைப்பாக நின்றார்.

"தூக்கம் எப்படி?"

"நல்லா தூங்கறேன் சார்."

"திடீர்னு சத்தம் கேட்டா?"

நைனா என்னை ஒரு பார்வை. "ஒண்ணும் இல்ல சார். ஃபிட்டா கீறேன்."

டாக்டர் எழுத ஆரம்பித்தார். ஆபீசர் முன்னால் பட்டாளத்தான் நோவு சொல்ல மாட்டான், அது பழக்கம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஆனால் அந்தப் பதில் ஆபீசருக்கு இல்லை. எனக்கு.

"சார், இல்ல சார். ஞாயித்துக்கெழம பலூன் வெடிச்சதுக்கே கீழ வுழுந்துட்டாரு. நான்தான் குத்தி ஒடச்சேன். எல்லாரும் சிரிச்சோம். அதான் இப்ப சொல்ல மாட்டேங்கறாரு."

"வெளிய போ." நைனாவின் பட்டாளக் குரல். இதுவரை என்மேல் அதைப் பிரயோகித்ததில்லை.

போனேன். கதவைச் சாத்தும்போது டாக்டர் குரல்: "உக்காருங்க ஹவில்தார்." நாற்காலி நகரும் சத்தம் வர ரொம்ப நேரமானது.

உள்ளே என்ன சொன்னார், தெரியாது. வெளியே வந்தபோது கண் சிவப்பு.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு காலி. நைனா டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.