சம்பளம் அதே, எதிர்வீடு வேறு

ஜூன் 8, ஞாயிறு
கொளுத்தும் வெயில். கோட்டூர்புரம் போனேன். தம்பி ரமேஷின் மகள் தியாவுக்குப் பிறந்தநாள். வந்த வாண்டுகளுக்கெல்லாம் ரிட்டர்ன் கிஃப்ட், ஆளுக்கொரு ஸ்கேட்டிங் ஷூ! போன மாதம் மாடிவீட்டில் டெலஸ்கோப் கொடுத்தார்களாம். நான் கொண்டுபோன பிளாஸ்டிக் வாளியை சோபாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

வாய் சும்மா இருக்குமா? தம்பி மனைவி சுதாவிடம், "அடுத்தது எப்போ?"

"ஆசைதான் அக்கா. ஒண்ணுக்கே மூச்சு முட்டுது. இந்த பில்டிங்ல நாங்கதான் ஏழை."

இருவருக்கும் ஐ.டி. சம்பளம். போதாமல் சனி, ஞாயிறில் சுதா ஆன்லைன் வகுப்பு வேறு. ஏழையாம்! சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

ஜூலை 13, ஞாயிறு
வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டதால் தம்பி குடும்பம் அசோக் நகருக்கு. பழைய ஃபிளாட், மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. வாடகையில் பெரிய மிச்சமும் இல்லை. பால் காய்ச்சினோம். என் முழங்கால் அழுதது.

எதிர்வீட்டு மல்லிகா எட்டிப் பார்த்தாள். கணவர் பைக் மெக்கானிக், ஒரே பையன்.
"கீழ நிக்கிற கார் உங்களுதா? இந்த பில்டிங்லயே மொதோ காரு ஆன்ட்டி!"
ஆன்ட்டியாம். போகட்டும். பையனுக்குத் துணையாக இன்னொன்று பெற்றுக்கொள்ளப் போகிறார்களாம். வெட்கத்தோடு சொன்னாள்.

அக்டோபர் 12, ஞாயிறு
விடாத மழை. துணி காயவில்லை. சுதா போன்: "அக்கா, நாள் தள்ளிப்போயிருக்கு."
தவறி அல்ல, வேண்டுமென்றேதான்! ஆன்லைன் வகுப்புக்கும் முழுக்கு.
"சம்பளம் ஏத்திட்டாங்களா?"
"ஒரு பைசா ஏறல. இங்க வந்ததுலேர்ந்து இருக்கறதே ஏகப்பட்டதா தோணுது."
அதே பணம், அதே இரண்டு பேர். பக்கத்தில் இருப்பவர்கள் மாறியதும் ஓர் உயிர் வருகிறது.

அக். 14, செவ்வாய்
மைசூர்பாகோடு மூன்று மாடி. எதிர்க்கதவில் மல்லிகா, யூனிஃபார்ம் புடவையில். தி.நகர் ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம்.

"ரெண்டாவது பெத்துக்கறதா சொன்னியே?"

"அத்த வுடுங்க ஆன்ட்டி, ஒண்ணு போதும். சுதாக்கா பாப்பா தெனம் கார்ல ஸ்கூலுக்குப் போவுது. எம்புள்ள பாத்துகினே நிக்கிறான். இவனையாச்சும் அந்த மாரி ஸ்கூல்ல போடணும்ல?"

"அவருக்கு வருமானம் குறைஞ்சுடுச்சா?" கேட்காமல் இருப்பேனா!

"அதெல்லாம் அப்படியேதான் கீது."

கடைக்கு நேரமாயிற்று என்று இறங்கினாள். உள்ளே சுதா வாந்தியெடுக்கும் சத்தம். இரண்டு கதவுக்கும் நடுவில் இனிப்புப் பெட்டியோடு நான்.

கீழேயிருந்து மல்லிகாவின் குரல்: "ஆன்ட்டி! படியெல்லாம் ஈரமா கீது. சுதாக்காவ பாத்து எறங்கச் சொல்லுங்க!"