குறுக்கே தண்ணீர் போகவில்லை என்று எழுதிக் கொடுத்தது

ஜூன் 12, 2024, புதன்

ஒரு மழைக்கே லாரி வளைவில் புதைந்துவிட்டது. நூற்றிருபது மூட்டை உரத்தையும் அங்கிருந்து கடை வரை தலைச்சுமையாகக் கொண்டுவந்தோம். நானும் நாலு நடை, ஐம்பத்தெட்டு வயதில். சைக்கிளில் மூட்டை வைத்து விற்றுத்தான் இந்த உரக்கடைக்கே வந்தேன். இப்போது சைக்கிளும் இல்லை, தலைதான்.

மாலையில் ரோட்டு இன்ஜினியர் சிவநாதன் வந்தார். ரோட்டை இரண்டரை அடி உயர்த்தித் தார் போடப் பணம் ஒதுக்கியாகிவிட்டதாம். சுற்றுச்சூழல் ஆய்வு என்று போனால் ஒரு வருஷம் இழுக்கும். இருக்கிற ரோட்டைச் சீரமைப்பது மட்டும்தான், குறுக்கே நீர்வழி எதுவும் இல்லை என்றால் ஆய்விலிருந்து விலக்கு உண்டு.

"வரைபடத்துல வாய்க்கால் இல்ல பாய். ஊர் அறிஞ்சவங்க ஒருத்தர் எழுதிக் குடுத்தா ஃபைல் நகரும்."

குரும்பகரம் வியாபாரிகள் சங்கச் செயலாளர் நான்தானே. சங்கத் தாளிலேயே எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.

ஜூலை 8

விலக்கு வந்துவிட்டது. ஜல்லி வந்து இறங்குகிறது. நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "பாயை எடுத்துக்கிட்டு அங்கயே போயி படுங்க" என்கிறாள் என் வீட்டுக்காரி சஃபியா.

ஜூலை 19, வெள்ளி

ஜும்ஆ முடிந்து கடை திறந்ததும் கமலாம்பாள் வந்தார். ரோட்டுக்கு வடக்கே பள்ளத்தில் ஐந்து மா நிலம் குத்தகைக்கு எடுத்து, ஒண்டியாகப் பயிர் வைக்கிறவர். உரம் எதுவும் கேட்கவில்லை.

"பாய், இம்மாம் ஒசரம் போட்டுத் தாரும் ஊத்திட்டாங்கன்னா, கார்த்திகையில எங்க வெட்டுறது?"

எதை என்று கேட்கப் போனேன். அதற்குள் எனக்கே நினைவு வந்துவிட்டது.

அடைமழையில் வடக்குப் பக்க வயல் முழுக்கத் தண்ணீர் கட்டிக்கொண்டு நிற்கும். ஆட்கள் வந்து, புளியமரத்துக்கிட்டே ரோட்டையே குறுக்கே வெட்டிவிடுவார்கள். தண்ணீர் தெற்கே வடிகாலில் போய் விழும். மூன்றாம் நாள் மூடிவிடுவார்கள். மூடுவதற்கு வெற்றுச் சாக்கு கொடுப்பது யார்? நான். பதினெட்டு வருஷமாக நான். அது நீர்வழி என்று கையெழுத்துப் போடும்போது தோன்றியதா? இல்லை. வருஷத்துக்கு மூன்று நாள் ஓடுவதை யார் வாய்க்கால் என்பார்கள்?

"குறுக்க தண்ணி போவலன்னு எவனோ எழுதிக் குடுத்துருக்கானாம். எந்தக் கண்ணு அவிஞ்சவனோ" என்றார்.

நான்தான் என்று சொன்னேன். சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

அவர் திட்டவில்லை. "தண்ணி நாலு நாள் நின்னா பயிர் அழுவிடும் பாய். மறுநடவு நட எனக்குத் தெம்பு இல்ல." அவ்வளவுதான். போய்விட்டார்.

ஜூலை 20

அந்த இடத்தில் சின்னதாக ஒரு பாலம் போட முடியாதா என்று சிவநாதனிடம் கேட்டேன்.

"பாலம் போட்டா அங்க தண்ணி போவுதுன்னு ஆயிடும். அப்பறம் விலக்கு ஏது? நீங்க எழுதிக் குடுத்ததுதான பாய் இதுக்கு அஸ்திவாரமே."

அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெளியூர்க்காரர். தெரிந்தவன் நான்.

ஜூலை 22

யாவாரம் பாக்குறவன் இதையெல்லாம் ஏன் தலையில தூக்கி வச்சிக்கணும்? ரோடு வேண்டாமா எனக்கு? — வேணும். வேணும்தான்.

ஜூலை 24

எழுதிக் கொடுத்தது தவறு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எந்த இடம், எந்த மாதம், எத்தனை அடி அகலம் வெட்டுவார்கள், எல்லாம் சேர்த்து.

சங்கக் கூட்டத்தில் அரிசிக்கடை மன்சூர் அலி எழுந்து, "ஊரே ரோடு கேட்டுது, நம்ம செயலாளர் ஓடை கேக்குறாரு" என்றார். ஒரே சிரிப்பு. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. முத்திரையை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

"வயல் போனா உரம் யாரு வாங்குவா? யாவாரக் கணக்குதான்" என்று சஃபியாவிடம் சொன்னேன்.

"ஆமா, கணக்குப் பாக்குற மொகரையப் பாரு. ஆறிப் போவுது, சாப்பிடுங்க."

ஆகஸ்ட் 6

வேலை நின்றுவிட்டது. ஜல்லிக் குவியல்மேல் ஆடு ஏறி நிற்கிறது.

அக்டோபர் 17

ஆய்வுக்கு ஆட்கள் வந்து அளந்துகொண்டு போனார்கள். பாலத்தோடு சேர்த்துப் புது மதிப்பீடு போகுமாம். தை பிறக்காமல் எதுவும் நடக்காது. கடைத்தெருவில் யாரும் என்னோடு டீ குடிப்பதில்லை. மன்சூர் அலி மட்டும் வந்து, திட்டிவிட்டுக் குடித்தார்.

நவம்பர் 27, புதன்

மூன்று நாளாக மழை விடவில்லை. காலையில் வயலும் ரோடும் ஒரே மட்டம். விடிந்ததும் ஆட்கள் வெட்டத் தொடங்கினார்கள். ஜல்லி இறுகிப் போன இடம், மண்வெட்டி இறங்கவில்லை. கடப்பாரை வாங்கக் கடைக்கு வந்தார்கள். நானும் கூடவே போனேன். பத்து மணிக்கு உடைத்துக்கொண்டு தெற்கே பாய்ந்தது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்றவர் பேசியது கேட்கவில்லை.

மதியத்துக்கு மேல், நட்ட பயிரின் நுனி தெரிந்தது. கமலாம்பாள் வயலுக்குள் இறங்கி, குத்துக் குத்தாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். பிடித்து நிற்கிறது போலிருக்கிறது.

நாலு மணிக்கு லாரி டிரைவர் போன் பண்ணினார். லோடோடு காரைக்காலில் நிற்கிறாராம்.

"பாய், வரலாமா?"

"வராதீங்க. ரோட்டை வெட்டியிருக்கு."

"எப்பத்தான் மூடுவாங்க?"

"அதை நான் போயி கேக்க மாட்டேன். தண்ணி வடியட்டும்."