வலப்பக்க பெல்ட்

ஏப்ரல் 9, ஹார்லிங்கன்
அறுந்தே விட்டது. நடுச்சாலையில். என் டாஃப் 44 காருக்கு கியர் கிடையாது. பின்சக்கரம் இரண்டுக்கும் ஆளுக்கொரு ரப்பர் பெல்ட். வலப்பக்கத்தது போயிற்று. ஐம்பது வருடம் உழைத்ததைத் திட்ட வாய் வருமா? ஆனால் ஜூன் 7, டாஃப் வண்டிக்காரர் சங்கத்தின் ரிவர்ஸ் பந்தயம்! முன்னால் போகும் அதே வேகத்தில் பின்னாலும் பறக்கிற வண்டி வேறு எது? போன வருடம் இரண்டாவது வந்தேன். இந்த வருடம் விடமாட்டேன்.

ஏப்ரல் 14
சங்கக் கிடங்கில் இல்லை. பழைய இரும்புக்கடை நான்கு ஏறி இறங்கினேன், இல்லை. தங்கை யெல்லிக்குச் சிரிப்பு. "அக்கா, அம்பத்தாறு வயசுல பின்னாடி ஓட்டி என்னத்தக் கிழிக்கப் போற? பேசாம ஒரு சைக்கிள் வாங்கு."
மூன்று சைக்கிள் வைத்திருக்கிறேன், கழுதை.

ஏப்ரல் 22
சங்கப் பத்திரிகையில் 'டாஃப் 44 பெல்ட்' என்று விளம்பரம்! ஸுட்ஃபென் ஊர்க்காரர், எவெர்ட். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவராம். போன் போட்டேன்.
"விக்கிறதுக்கில்லீங்க, தேடுறேன். என் வண்டியில இடது அறுந்துபோச்சு. வலது நல்லா இருக்கு."
"எனக்கு வலது போச்சு. அதக் குடுங்க!"
"நீங்க இடதைக் குடுங்களேன்."
இருவருக்கும் ஒரே சிரிப்பு. கன்னம் வலிக்கிறது இன்னும்.

ஏப்ரல் 27
அரசர் பிறந்தநாள். ஊரே தெருவில் பழைய சாமான் பரப்பும் நாள். சேர்ந்து தேடலாம் என்று ஸுட்ஃபென் போனேன். பெல்ட் இல்லை. ஆரஞ்சுத் தொப்பி ஒன்று வாங்கித் தந்தார். அவர் வீட்டில் காப்பி, ஒரு பிஸ்கட், டப்பாவை மூடினார். எங்கள் நாட்டில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான், விருந்தாளிக்கு ஒன்றே ஒன்று. ஆனால், மறுபடி திறந்தார்! இரண்டாவது பிஸ்கட்! ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மே 11
போனில் ஒன்றேகால் மணி நேரம். பெல்ட் பேச்சே வரவில்லை.

மே 19
பூவா தலையா போட்டோம். ஜெயித்தவருக்கு இரண்டு பெல்ட்டும். ஜெயித்தது நான். அவரே இங்கே வந்து, வண்டிக்கடியில் படுத்து மாட்டிக் கொடுத்தார், முகமெல்லாம் கரி. "ஓட்டுங்க ஹிங்கே, ராணியாட்டம்!"
வண்டி ஜோராக ஓடுகிறது. பிறகு ஏன் சுருக்கென்கிறது? இனி எனக்குப் போன் பண்ண அவருக்கு என்ன காரணம்? ஐயோ, தோற்றிருக்கலாம் நான். பைத்தியம். பைத்தியமேதான்.

மே 30
பதினொரு நாள். போன் இல்லை. நானாகப் பண்ணினால் என்ன, குறைந்தா போய்விடுவேன்?
பண்ணிவிட்டேன். "பந்தயத்துல பக்கத்துல உக்காந்து வழி சொல்ல ஆள் வேணும்" என்றேன். வாய்க்கு வந்த பொய்.
"நாளைக்கே வரட்டுமா?" என்கிறார். பந்தயத்துக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது!

ஜூன் 7
"இடது! இடது! ஐயோ, உன் இடது இல்ல, என் இடது!" பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து எவெர்ட் கத்தக் கத்த, வைக்கோல் கட்டுக்குள் போய்ச் செருகினோம். பதினோரு வண்டியில் பதினோராவது. யெல்லி தலையில் அடித்துக்கொண்டாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கதவைத் திறக்கத் தெம்பில்லை.

ஜூன் 15, ஸுட்ஃபென்
எவெர்ட் வீட்டுக் கழிவறையில், எல்லார் வீட்டிலும் இருப்பதுபோல, சொந்தக்காரர்களின் பிறந்தநாள் நாட்காட்டி. வருடம் போடாதது; ஒருமுறை மாட்டினால் ஆயுசுக்கும் அதுதான். அண்ணன், அத்தை, அத்தை பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். சும்மா செப்டம்பரைப் புரட்டினேன். முப்பதாம் தேதி, என் பிறந்தநாளுக்கு நேரே, 'ஹிங்கே'. பேனாவால். யெல்லிதான் சொல்லியிருப்பாள்.
எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, கதவைத் தட்டினான்.
"ஹிங்கே, உள்ள ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"
"இல்லப்பா," என்றேன். "இதோ வரேன்."