மூன்று நாள் சோறு

ஜூன் 9, திங்கள்

எடை 70. நம்ம லாரி எடைமேடையில் நானே ஏறி நின்று பார்த்தது. மார்ச் மாதம் இதே மேடையில் 90. இருபது கிலோ இறக்கியிருக்கிறேன். துறைமுகத்துக்குப் போகிற உப்பு லாரியில் பாதி என் மேடையில் ஏறித்தான் போகுது, பொய் சொல்லாத மேடை. (டாக்டர் ரூமில் உள்ள மிஷினில் அப்போ 86, இப்போ 73. லாரி மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். அது ஒரு காரணமாக இருக்கலாம்.)

காலையில் டாக்டர் கிருபையைப் பார்த்தேன். பன்னிரண்டு வாரப் பத்தியம் முடிந்தது. மாத்திரை நிறுத்தி எட்டு வாரம். ரத்தச் சர்க்கரையின் மூணு மாதச் சராசரி 6.1. அப்போ சுகர் போயிட்டுதுன்னு எழுதித் தாங்க என்றேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அரிசியைத் தொடாமல் இருக்கும்போது சர்க்கரை ஏறாதது பெரிய காரியம் இல்லையாம். அரிசி உள்ளே போனால் உடம்பு தாங்குதா என்று பார்க்கணுமாம். சனிக்கிழமை வெறும் வயிற்றில் போகணும். எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸைக் கரைத்துத் தருவாங்க, குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பாங்க. 140க்குக் கீழே என்றால் நல்லது. 200ஐத் தொட்டால் வியாதி உள்ளேயேதான் இருக்குது.

அதற்கு முந்தின மூன்று நாளும் சோறு, இட்லி எல்லாம் வயிறு நிறையச் சாப்பிடணும், குறைக்கவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னாங்க. சாப்பிட்டதை எழுத ஒரு தாளும் தந்தாங்க.

எனக்கு ஏன் இப்படிப் படபடக்குது? நேற்று சாத்தான்குளத்தில் அக்கா மகள் பானுப்ரியாவின் புது வீட்டுப் பால்காய்ப்பு. பந்தியில் என் வாய் சும்மா இருக்கவில்லை. மாத்திரை டப்பாவை அப்படியே கொண்டுபோய்க் கடலில் வீசினேன், சோற்றைத் தொடாமல் ஒரு வாரம் பல்லைக் கடித்தேன், சுகர் பயந்து ஓடிட்டுது என்று அளந்துவிட்டேன். டாக்டரம்மா பாதி பாதியாகக் குறைத்துத்தான் நிறுத்தினாங்க. மிச்ச மாத்திரை பீரோவில் கிடக்குது. ஆனால் பந்தியில் அதைச் சொன்னால் எவன் கேட்பான்? பானுப்ரியாவின் அம்மா, என் இசக்கியம்மாள் அக்கா, பாயசத்தைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். பாவம், பதினோரு வருஷமாக இன்சுலின் ஊசி போடுகிறாள்.

சனிக்கிழமை 200 வந்தால்?

ஜூன் 10, செவ்வாய்

எட்டாங் கிளாஸ் கணக்குப் பரீட்சை ஞாபகம் வந்தது. அந்தப் பரீட்சைக்கு நான் போகவே இல்லை.

ஜூன் 11, புதன்

யோசித்துப் பார்த்தேன். பரீட்சைக்கு முந்தின மூணு நாளும் கூத்தடிக்கச் சொல்கிற வாத்தியார் உண்டா? டாக்டரம்மா நல்லவங்கதான், ஆனால் சின்ன வயசு. சோற்றைத் தின்றுவிட்டுப் போனால் பழைய சர்க்கரையும் புதுச் சர்க்கரையும் சேர்ந்து ஏறாதா? உடம்பைக் காலியாக வைத்துக்கொண்டு போனால் எழுபத்தைந்து கிராம் எந்த மூலைக்கு? என்னிடமா.

என் வீட்டுக்காரி உமாராணி தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும் கட்டித் தந்தாள். மேடைக்கு வந்த டிரைவர் ரோச்சிடம் கொடுத்துவிட்டேன். கீழவைப்பார்க்காரன், நல்லாச் சாப்பிடுவான். எனக்கு ரெண்டு முட்டை, வெள்ளரிக்காய்.

தாளில் எழுதியது: இட்லி 5, சோறு 2 தட்டு, ராத்திரி தோசை 4.

ஜூன் 12, வியாழன்

இன்றும் அப்படியே. ராத்திரித் தோசைக்கு, மேடையிலேயே சாப்பிட்டேன் என்று உமாராணியிடம் சொல்லிவிட்டேன். மேல்காற்று புழுதியை வாரி அடிக்குது. தலை கிறுகிறுப்பு. ரோச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "அண்ணாச்சி, இப்படியே போனா உங்க சுகர் எனக்கு வந்துரும்." சிரித்தேன். தாளில் பூரியையும் சேர்த்துக்கொண்டேன், எழுதுகிற கை நிற்கமாட்டேங்குது.

ஜூன் 13, வெள்ளி

வெள்ளரிக்காய். முட்டை. நாளைக்கு 110 வரும். அதிகம் போனால் 115.

ஜூன் 14, சனி

வெறும் வயிற்றில் 97. லேப் பெண்ணிடம், பார்த்தியாம்மா, சின்னப் பையன் ரத்தம் என்றேன். அப்புறம் அந்தத் தண்ணி. பாகு மாதிரி, தொண்டையில் ஒட்டுது. இரண்டு மணி நேரம் ஒரே நாற்காலி. பக்கத்தில் இருந்தவரிடம் என் கதையைச் சொன்னேன், இருபத்திரண்டு கிலோ என்று.

இரண்டு மணி நேரக் கணக்கு 214.

214.

டாக்டரம்மா என் தாளை வரி வரியாகப் படித்தாங்க. இட்லி, சோறு, பூரி. "நல்லாத்தான் சாப்பிட்டிருக்கீங்க அண்ணாச்சி. அப்போ உடம்பு தாங்கலன்னுதான் அர்த்தம். மாத்திரையைத் திரும்பத் தொடங்கிருவோம்." வருத்தமாகத்தான் சொன்னாங்க. தாளைப் பிடுங்கிக் கிழித்துப் போடலாம் போல இருந்தது. சரிம்மா என்று மட்டும் சொன்னது எந்த ஊரிலும் அடைக்காத வாய்.

சோற்றைத் தொடாமலே 214 என்றால், தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஜூன் 15, ஞாயிறு

உமாராணியிடம் 118 என்று சொல்லி வைத்திருந்தேன். மீனைக் கழுவி முடித்தாள். பிறகு, "அப்படின்னா காலையில எதுக்குப் பீரோவைத் துழாவுனிய?" என்றாள்.

மாத்திரையைத்தான் தேடினேன். அவளுக்குத் தெரியும்.

ஜூன் 16, திங்கள்

காலை ஏழரைக்குப் பானுப்ரியா போன். அழுகிறாள். "மாமா, அம்மா ஒரு வாரமா ஊசியே போடல. சுகர் 386. எழும்பினா தள்ளாடுதா. ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேங்கா. நீங்க சொன்னாத்தான் கேப்பா."

ஒரு வாரம் என்றால் பால்காய்ப்புக்கு மறுநாள். மேடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க ஒன்றே ஒன்றுதான் ஓடுச்சு — நான் போய்ச் சேரும் முன்னே அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், கொன்றது நான்.

அக்கா கட்டிலில் கிடந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்தில் தட்டு நிறைய வெள்ளரிக்காய். என்னைப் பார்த்ததும் சிரிக்கிறாள். நானும் உன்னைப் போல ஊசி டப்பாவைக் கிணற்றில் போட்டுட்டேன், கடலுக்கு எங்க போக, என்றாள்.

யக்கா, ஊசி போடு, என்றேன். மாட்டேன் என்றாள். சோற்றைத் தொடாமல் ஒரு வாரம் பல்லைக் கடித்தால் போகும்னு நீதானே சொன்னே. உனக்குப் போயிட்டுதே. ஒரே ஆத்தா வயித்துல பொறந்த எனக்குப் போகாதோ?

சட்டைப் பையில் ரிப்போர்ட் இருந்தது, சனிக்கிழமையிலிருந்து எடுக்கவே இல்லை. எடுத்து அவள் மடியில் போட்டேன்.

"எனக்குப் போகலக்கா. இருநூத்திப் பதினாலு. மாத்திரையைக் கடல்ல எல்லாம் வீசல. டாக்டர் சொல்லித்தான் நிறுத்துனேன். அம்புட்டும் பொய்."

அக்காவுக்கு எழுத்து தெரியும், எண் நன்றாகத் தெரியும். எண் மேல் விரலை வைத்துப் படித்தாள். பானுப்ரியாவும் கதவடியில் நின்று கேட்டாள், அவள் மாப்பிள்ளையும். கேட்கட்டும்.

"ஏலே காசி," என்றாள் அக்கா, "இதை அன்னைக்கே பந்தியில சொல்லியிருந்தா நான் அந்தப் பாயசத்தையாவது குடிச்சிருப்பம்லே."

பிறகு ஊசி போடச் சேலையை விலக்கி வயிற்றைக் காட்டினாள். பானுப்ரியா மருந்துக்கடைக்கு ஓடிப் புது மருந்து வாங்கி வந்து போட்டாள். சாயந்தரம் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றினாங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா மயக்கத்துலதான் கொண்டு வந்திருப்பீங்க என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்கென்றே சொன்னது மாதிரி பட்டது.

ஜூன் 17, செவ்வாய்

அக்காவுக்குச் சர்க்கரை 190க்கு இறங்கிவிட்டதாம். கஞ்சி குடித்தாளாம்.

நான் டாக்டர் கிருபையிடம் போய், அந்தத் தாளில் உள்ளது ஒன்றும் உண்மை இல்லை என்றேன். மூன்று நாளும் அரிசி தொடவில்லை, ரோச் தின்றான். டாக்டரம்மா பேனாவை மூடினாங்க. திட்டுவாங்க என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

மூணு நாள் மாவுச்சத்தே இல்லாமல் இருந்தால் அதைச் சமாளிக்கிற பழக்கத்தை உடம்பு விட்டுவிடுமாம். திடீரென்று அவ்வளவு குளுக்கோஸ் இறங்கினால் திணறுமாம், சர்க்கரை நோய் இல்லாதவனுக்கே ஏறுமாம். அதற்குத்தான் சாப்பிடச் சொன்னாங்களாம். எனக்கு விளங்கின மட்டில், மூணு நாள் ஆளே இல்லாமல் மேடையைப் பூட்டிப் போட்டுவிட்டு, திறந்ததும் நாற்பது லாரியை வரிசையில் விட்டது மாதிரி.

ஆக, தேறணும்னு செய்த வேலையே என்னைத் தோற்கடிச்சிருக்கலாம். நிஜமாகவே வியாதி இருக்கவும் இருக்கலாம். மூணு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு சனிக்கிழமை திரும்ப வாங்க, அதுவரை மாத்திரை வேண்டாம் என்றாங்க.

ஜூன் 18, புதன்

சோறு. மூன்று மாதம் கழித்து ஒரு முழுத் தட்டு. தின்ன முடியவில்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் அக்கா முகம். ரோச் தின்ற கதையை உமாராணியிடமும் சொல்லிவிட்டேன், எதிரே உட்கார்ந்து கடைசிப் பருக்கை வரை பார்த்தாள். இனி தூக்குச்சட்டி கிடையாதாம், வீட்டுக்கு வந்துதான் சாப்பிடணுமாம்.

ஜூன் 19, வியாழன்

தாளை உமாராணியே எழுதுகிறாள். நான் நாலு இட்லி தின்றால் நாலு.

ஜூன் 20, வெள்ளி

சோறு ருசிக்கத் தொடங்கிவிட்டது. அதுவும் பயமாக இருக்கிறது.

ஜூன் 21, சனி

வெறும் வயிற்றில் 98. இரண்டு மணி நேரத்தில் 148.

சர்க்கரை நோய்க் கணக்கில் வரவில்லை. முழுசாக விட்டது என்றும் சொல்ல முடியாது, எல்லை ஓரத்தில் நிற்கிறேனாம். மாத்திரை வேண்டாம். சோறு அளந்து ஒரு கப். எடை ஏறக் கூடாது. ஆறு மாதம் கழித்து மறுபடியும்.

உமாராணியிடம் நூற்று நாற்பத்தெட்டு என்றேன். ரிப்போர்ட்டைக் கேட்டாள், கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். போனில் முதல் கேள்வியே, உனக்கு எம்புட்டு வந்துதுலே. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மாத்திரை இல்லாமல், ஒரு தட்டுச் சோறு தின்று, 148. இதை விடப் பெரிய கதை எனக்கு ஆயுசுக்கும் கிடைக்காது. இதற்கு ஜோடனையே வேண்டாம்.

ஊசி போட்டியா என்று கேட்டேன். இனிமேதான் என்றாள். போடு, நாளைக்குச் சொல்லுதேன் என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

மேடையில் ரோச் கேட்டான், என்னாச்சு அண்ணாச்சி என்று. பரவாயில்லைடே என்றேன். இன்னும் சொல்லுவேன் என்று நின்று பார்த்தான். பிறகு லாரியை எடுத்துக்கொண்டு போனான்.

சாயந்தரம் அக்கா போன். "ஏலே, ஊசி போட்டாச்சு, பதினாறு யூனிட்டு. இப்பமாது சொல்லேம்லே."

நாளைக்குச் சொல்லுதேன் என்றேன். இதோடு ஐந்து நாள், ஒரு நாளும் ஊசி தவறவில்லை.