பச்சை நோட்டில் ஆறாம் நாள்

பெரியப்பா, இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். நீங்கள் இல்லை, காட்ட மாட்டீர்கள். ஆனால் இந்தத் தாள் வேறு யார் கையிலாவது கிடைத்தால், அவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: அப்பாவிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் பச்சை நோட்டு என் தலையணை உறைக்குள் இருக்கிறது. திறந்தால் இன்னும் ஸ்பிரிட் வாசனை. உங்கள் மாடி அறை இப்போது என்னுடையது. நோட்டு போன வாரம் அங்கே அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. இன்று மாலை அப்பா வந்து உங்கள் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். பக்கத்துப் பேட்டையான போலாரத்தில் உங்கள் பழைய கிளினிக்கில் குடும்ப வரலாற்றைச் சட்டம் போட்டு மாட்டப்போகிறாராம். பிளேக் காலத்துக் கொள்ளுத்தாத்தா, கொரோனா காலத்து நீங்கள்.

"பச்சை நோட்டைப் பார்த்தியாடி? முதல் பக்கம் போதும்."

"மிச்சப் பக்கமெல்லாம்?"

"உனக்கெதுக்கு அது? போய்ப் படி."

அம்மா சட்டென்று குக்கரைப் பார்க்கப் போய்விட்டாள். அடுப்பில் குக்கரே இல்லை.

நீங்கள் என்னை ஸ்கூட்டரில் பள்ளிக்கு அழைத்துப்போகும்போது கொள்ளுத்தாத்தா கதை சொல்வீர்கள். அவர் வைத்தியம் பார்க்கப் போகும் வீடுகளில் பிளேக் வந்தவனை நெல்மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, "ஊருக்குப் போயிருக்கான்" என்பார்களாம். "நெல்மூட்டை முனகுமா அம்மா?" என்று அவர் கேட்பாராம். நீங்கள் சிரிக்கிற சிரிப்பில் ஸ்கூட்டர் ஆடும். அவருக்கே காய்ச்சல் வந்தபோது அதையும் எழுதினாராம். "வைத்தியன் தன் உடம்பையும் எழுதணும்" என்பீர்கள். அதுதான் நம் வீட்டு வழக்கம்.

நீங்களும் எழுதினீர்கள். அப்போது நான் நான்காம் வகுப்பு. கொரோனா வார்டிலிருந்து காய்ச்சலோடு வந்து இந்த அறைக்குள் போனீர்கள். ஸ்டூலில் தட்டை வைத்துவிட்டு, கதவில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, அப்பா கீழே இறங்கிவிடுவார். தெருவுக்குத் தெரிந்தால் வீட்டை அடைத்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். "யார் கேட்டாலும் பெரியப்பா சென்னைக்குப் போயிட்டார்னு சொல்லு" என்றார்.

எதிர்வீட்டு ஆன்ட்டி கேட்டார். "டாக்டர்காரு எக்கட?" சென்னை என்றேன். அவர் மாடி ஜன்னலைப் பார்த்தார். "நிஜமா? எங்க கார் சும்மாதான் நிக்குது" என்று தெலுங்கில் சொன்னார். கதவுக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார். "நிஜம்" என்றேன்.

ஆறாம் நாள் பக்கத்தில் உங்கள் கையெழுத்து கோணலாக இருக்கிறது. 'மதியம் இரண்டு மணி. ஆக்சிஜன் எண்பத்து நான்கு. தம்பியை ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொன்னேன். இருட்டட்டும் என்கிறான்.'

இருட்டிய பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது, சைரன் இல்லாமல். உங்கள் திதிக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்வது வேறு: "சாயங்காலம்வரை நல்லாத்தான் இருந்தார்."

ஆன்ட்டி வந்தது அதே நாள், நான்கு மணிக்கு. நான் பள்ளிக்கூட ஆன்லைன் வகுப்பை முடித்துவிட்டு வாசலுக்கு வந்த நேரம். அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

அப்பாவை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை, பெரியப்பா. ஆறு வருஷமாக அந்த ஒரு சொல் என் வாயிலேயே இருக்கிறது. இன்று உங்கள் வரிக்குக் கீழே என் வரியையும் எழுதிவிட்டேன்: 'நான்கு மணி. கார் தருவதாக ஆன்ட்டி சொன்னார். நான் பொய் சொன்னேன்.' இனி அந்தப் பக்கத்தைக் கிழித்தால் என்னையும் சேர்த்துத்தான் கிழிக்க வேண்டும். காலையில் பள்ளி பஸ் வருவதற்கு முன்னால் நோட்டை ஆன்ட்டியிடம்

படியில் யாரோ ஏறி வருகிறார்கள். விளக்கை அணைக்கவில்லை.

கதவில் இரண்டு தட்டு. பெரியப்பா, அதே இரண்டு