ஜன்னல் விளிம்பில் ஏழு துண்டுகள்

பிப்ரவரி 3, செவ்வாய்

தப்பித்தவறி இது யார் கையில் கிடைத்தாலும் சரி, தயவுசெய்து மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் கூடவே கூடாது. எஸ்கிலிடமும்.

என் பல் உடைந்துவிட்டது. வலப்பக்கம் கீழே, கடைவாய்ப் பல். உடைந்த துண்டு தோடு வைக்கும் டப்பாவில் இருக்கிறது. அம்மா பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்க்கிறாள். இந்த ஊரில் வேறு யார் பல் உடைந்தாலும் வீட்டில் மறைத்துவிடலாம், என்னால் முடியாது.

நேற்று சாயங்காலம் நடந்தது. பனிச்சறுக்குப் பாதையில் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். மைனஸ் 19. மேல்கோட்டின் வெளிப்பையில் ஒரு கேரமல் பார் இருந்தது. மலைப் பயணத்துக்காகப் பள்ளிக்கு வந்த பெட்டியைப் பிரித்ததும் பெருமையில் எடுத்துப் போட்டுக்கொண்டது. பசித்தது, கடித்தேன். பனிக்கட்டி விரிசல் விடுவது மாதிரி ஒரு சத்தம். பார் உடைகிறது என்றுதான் நினைத்தேன்.

பல்லை விடு. அந்தப் பாரைத் தேர்ந்தெடுத்தது நான்.

பிப்ரவரி 4, புதன்

தூக்கம் வரவில்லை. முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

பதினாறாம் தேதி எங்கள் வகுப்பின் மலைப் பயணம்: ஆறு பேர், ஃபெமுன் ஏரிக்கு அப்பால், மூன்று இரவு கூடாரத்தில். ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு. எனக்கு உணவு. ஆசிரியர் தோர்கெய்ரின் விதி ஒன்றுதான்: பொறுப்பு யாருடையதோ முடிவும் அவர்களுடையது, அவர் சரிபார்க்க மாட்டார். “தப்பா இருந்தா மலை சொல்லும்” என்பார். எல்லோரும் சிரிப்போம்.

காலைக்குக் கஞ்சி போதும் என்றான் எஸ்கில். அவனுக்கு அடுப்பும் எரிபொருளும் பொறுப்பு. நான்தான் எழுந்து நின்று பேசினேன். “கஞ்சின்னா பனியை உருக்கணும், கிண்டணும், அப்புறம் பாத்திரம் கழுவணும். பார்னா தூங்குற பைக்குள்ள படுத்தபடியே தின்னுட்டுக் கிளம்பலாம். அரை மணி நேரம் கூடத் தூங்கலாம்.” தூக்கம் என்றதும் எல்லாக் கையும் என் பக்கம் உயர்ந்தது. எரிபொருளையும் ஆறு பாட்டிலிலிருந்து மூன்றாகக் குறைக்கச் செய்தேன்.

பள்ளிச் சமையலறையில் ஏழு வகை பார்களைத் துண்டு போட்டு ருசி பார்த்தோம். மதிப்பெண் அட்டவணைகூடப் போட்டேன் — ருசி, எடை, சத்து, குப்பை. பேரீச்சை கேரமலுக்கு முதலிடம். ஓட்ஸும் வேர்க்கடலையும் சேர்த்த வறண்ட பாருக்குக் கடைசி இடம். “மரத்தூளை அமுக்கி வித்திருக்காங்க” என்றாள் வகுப்புத் தோழி தீரில்.

சமையலறைக்குள் இருபத்திரண்டு டிகிரி. யாருக்குமே தோன்றவில்லையே. எனக்குக்கூட!

மலையில் காலை நேரம் மைனஸ் இருபதுக்குக் கீழே போகும். வெந்நீருக்கு எரிபொருள் இருக்காது. தின்னக் கல்தான் இருக்கும். போதாததற்குத் தீரில் பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறாள்.

பிப்ரவரி 5, வியாழன்

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எஸ்கில் என்ன சொல்வான் என்று தெரியும். இப்போதே அவன் என்னை ‘மந்திரியம்மா’ என்றுதான் கூப்பிடுகிறான்.

இந்த வகுப்பில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. முதல் முறையாக ஒரு விஷயத்தில் எல்லோரும் என் பக்கம் கை தூக்கினார்கள். அதைத் திருப்பிக் கொடுக்க மனசு வரல.

பிப்ரவரி 7, சனி

எங்கள் வீட்டில் மிட்டாய் வாரம் ஒரு நாள்தான், சனிக்கிழமை மிட்டாய்க் கிண்ணம். வேண்டாம் என்றேன். அம்மா படம் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“சனிக்கிழமை மிட்டாயை நீ வேணாம்னு சொல்றியா? காய்ச்சலா?”

“இல்லம்மா. உடம்பைக் குறைக்கலாம்னு.”

“எதைக் குறைக்கப்போற? ஒரே பக்கமா வேற மெல்லுற, ஆடு மாதிரி.”

ஒரு மிட்டாயை இடப்பக்கம் ஒதுக்கி, மெல்லாமல் கரைத்தேன். அரை மணி நேரம் ஆனது.

பொய்யாவது ஒழுங்காச் சொல்லத் தெரியுதா எனக்கு?

பிப்ரவரி 8, ஞாயிறு

ஒரு யோசனை. ருசி பார்த்த அன்று மிஞ்சிய ஏழு வகையும் பையில் இன்னும் இருக்கின்றன. ஜன்னலைத் திறந்து வெளிவிளிம்பில் வரிசையாக அடுக்கியிருக்கிறேன். வெப்பமானி மைனஸ் 17 காட்டுகிறது. ஐந்து மணிக்கு எழுந்து பார்க்க வேண்டும்.

அறை குளிர்கிறது. கதவுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்தேன், காற்று கூடத்துக்குப் போகாமல் இருக்க.

பிப்ரவரி 9, திங்கள்

கேரமல்: கல். தேன் கலந்த அத்தி: கல். சாக்லேட் பூசியது: ஓடு போல உடைகிறது, உள்ளே கல். பழக்கூழ்: வளைக்கக்கூட முடியவில்லை. இன்னும் இரண்டில் கத்தி இறங்கவில்லை.

மரத்தூள்: சமையலறையில் எப்படி உதிர்ந்ததோ அப்படியே உதிர்கிறது. இடப்பக்கம் போட்டு மென்றேன். வலிக்கவே இல்லை. பாகும் ஈரமும் இருப்பதெல்லாம் இறுகுகிறது. அதில் இரண்டுமே இல்லை, அதனால் இறுக ஒன்றுமில்லை.

நாங்கள் மதிப்பெண் குறைத்ததே அதற்காகத்தான்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஒரு நாள் முடிவை வைத்துச் சொல்லக் கூடாது என்று மறுபடியும் ஏழு துண்டு வைத்தேன். சாக்லேட்டைப் பறவை தூக்கிக்கொண்டு போய்விட்டது. கேரமலைக் கொத்திப் பார்த்துவிட்டு விட்டுப்போயிருக்கிறது. மற்றதெல்லாம் நேற்று போலவே.

பிப்ரவரி 11, புதன்

நாளை மூட்டை கட்டும் நாள். பயமா இருக்கு. சொல்லாமலே இருந்துட்டா என்ன? அவரவர் பாரைச் சட்டைக்குள்ள வச்சுத் தூங்கச் சொல்லிடலாமே, அது ஏதோ பெரிய உத்தி மாதிரி — யாராவது ஒருத்தர் மறந்தா? தீரில் மறப்பா. கையுறையையே வாரம் ஒரு முறை மறக்கிறவ.

பிப்ரவரி 12, வியாழன்

சொல்லிவிட்டேன்.

சொல்வதாகவே இல்லை. சாமான் அறையில் எஸ்கில் எரிபொருள் பாட்டில்களை ஒவ்வொன்றாக அலமாரியில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். “நாலு, அஞ்சு, ஆறு. மந்திரியம்மா உத்தரவு, மிச்சம் மூணு போதும்.” அந்த மூன்று பாட்டில் அலமாரியில் நிற்பதைப் பார்த்ததும் வெளியே நடந்தேன்.

என் மேல்கோட்டு காலையிலிருந்து அங்கே ஆணியில் தொங்கியது. அதிலிருந்த கேரமல் பாரை எடுத்து வந்து மேசையில் தட்டினேன். டக். இன்னொரு முறை. டக்.

தீரில் முதலில் சிரித்தாள். பிறகு உதட்டை மூடிக்கொண்டு, உள்ளே நாக்கால் கம்பியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

“இது சாப்பாடா, கூரை ஓடா?” என்றான் எஸ்கில்.

“காலையில இப்படித்தான் இருக்கும்” என்றேன். “நான் தப்பாத் தேர்ந்தெடுத்துட்டேன். சூடான சமையலறையில வச்சுத் தேர்ந்தெடுத்தேன்.”  

தோர்கெய்ர் கதவோரம் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தோம். “என்னை ஏன் பாக்கறீங்க? உணவு ரூனா பொறுப்பு” என்றுவிட்டுக் கயிறு சுற்றுவதைத் தொடர்ந்தார்.

அதனால் நானே சொன்னேன். காலைக்கு மரத்தூள். கேரமல், சாயங்காலம் அடுப்புப் பக்கத்தில் வைத்து இளக்கித் தின்ன. எரிபொருள் மறுபடி ஆறு, காலையில் வெந்நீர் கட்டாயம்.

“கஞ்சியை எவ்வளவு கேவலமாப் பேசின அன்னைக்கு” என்றான் எஸ்கில்.

“பேசினேன்.”

“என் அம்மாவோட கஞ்சியையும் சேர்த்து.”

“அது எனக்குத் தெரியாது.”

ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன். அவன் அலமாரிப் பக்கம் திரும்பி மூன்று பாட்டிலையும் எடுத்துப் பனிவண்டியில் வைத்தான். “இது உறையும்னு எப்படித் தெரிஞ்சுது உனக்கு?”

“கடிச்சுப் பார்த்தேன்.”

என் கன்னத்தை ஒரு விநாடி கூடுதலாகப் பார்த்தான். 

பிப்ரவரி 13, வெள்ளி

கடையில் மரத்தூள் பத்தொன்பதுதான் இருந்தது. மீதி பதினேழை எஸ்கிலின் அம்மா பக்கத்து ஊரிலிருந்து வாங்கி வந்தார். பள்ளிக்கூட வாசலில் பையை என்னிடம் நீட்டி, “கஞ்சி பிடிக்காத பொண்ணு நீதானா?” என்றார். பையை வாங்கிக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பனிவண்டி கட்டியாயிற்று. திங்கள் காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம்.

இன்று இரவு ஆறு வீட்டு ஜன்னல் விளிம்பிலும் ஆளுக்கு ஒரு மரத்தூள் இருக்கிறது. தீரிலின் யோசனை. மந்திரி சொன்னாலும் நம்ப மாட்டார்களாம், நாளைக் காலை அவரவரே கடித்துப் பார்ப்பார்களாம். எஸ்கில் பழைய கேரமலையும் வெளியே வைத்திருக்கிறான். இப்போதுதான் படம் அனுப்பினான்: வெப்பமானி, கேரமல், பக்கத்தில் ஒரு சுத்தியல். கீழே, “முதல் பரிசை உடைக்க இது போதுமா?”

சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரிக்கும்போது குளிர்காற்று நேராகப் பல்லில் இறங்கியது. உயிரே போயிற்று.

அது ஒன்றுதான் பாக்கி. இந்தப் பல்லோடு மூன்று இரவு மலையில் — நாளைக்கே சொன்னால் திங்களுக்குள் அடைத்துவிடலாமோ? சனிக்கிழமை பல் மருத்துவமனை மூடியிருக்கும். ஆனால் சாவி அம்மாவிடம்தானே இருக்கிறது.

பல் துண்டு இருக்கும் தோடு டப்பாவை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டேன். ஜன்னல் திறந்தே இருக்கிறது. கதவுக்கடியில் துண்டு வைக்க இன்று மறந்துபோயிற்று.

கூடத்தில் காலடிச் சத்தம்.

“ரூனா? உன் அறைக்குள்ளேர்ந்து காத்து வருதே. ஜன்னலைத் திறந்து வச்சிருக்கியா என்ன?”

தட்டுகிறாள். நோட்டை மெத்தைக்கு அடியில் —

வேண்டாம். டப்பாவுக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கட்டும்.