மாற்றிக் கட்டிய சீட்டு

7.1.1986
தேநீர் நேரத்தில் பார்த்தால் என் டம்ளரில் சிவப்புப் பெயிண்ட் கோடு. போட்டவன் பரந்தாமன். வெல்டிங் பட்டறையில் பதினோரு வருஷமாக என் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவன்.

"உனுக்குச் சக்கரை கீதாமே. ஒட்டிக்கினா இன்னா பண்றது மாமே? நான் புள்ளகுட்டிக்காரன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அதுதான் இப்போது எரிகிறது.

19.1.1986
பட்டறையில் என் பெயரே சர்க்கரைக்கட்டி ஆகிவிட்டது. வீட்டுக்காரி கண்ணம்மா "வாய்க்கொழுப்பு, விடுங்க" என்கிறாள். விடமாட்டேன்.

14.3.1986
தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் வருடாந்திரப் பரிசோதனை. அவரவர் காலை மூத்திரத்தைப் பாட்டிலில் கொண்டுபோக வேண்டும். வரிசையில் பரந்தாமன் தன் பாட்டிலை என்னிடம் திணித்தான். "நீயே குடுத்துடு வேலு. ஒரு பீடி வலிச்சுட்டு வரேன்."

இரண்டும் பழைய டானிக் பாட்டில். கழுத்தில் நூலில் பெயர்ச்சீட்டு. அவிழ்த்தேன், மாற்றிக் கட்டினேன். சர்க்கரைக்காரன் மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினால் செங்கல் நிறம்தானே வரும்? அது அவன் பெயரில் வரட்டும். அவன் டம்ளருக்கு நானே கோடு போடுகிறேன்.

22.3.1986
தலைகீழாகிவிட்டது. என் பெயரில் செங்கல் நிறம். பரந்தாமனுக்குச் சர்க்கரை இல்லை என்று சீட்டு.

டாக்டர் என்னைத்தான் திட்டினார். "மாத்திரையைத் தின்றீரா, தூக்கிப் போடுறீரா? ஒழுங்கா தின்னா மூத்திரத்துல சர்க்கரையே வராதுய்யா."

நான் ஒருவேளை கூடத் தவறவிட்டதில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவன் பெயரில் சுத்தமாக வந்தது என்னுடையது. அப்படியானால் அந்தச் சிவப்பு — அவனுடையது.

அவனுக்கே தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லவா? நான் எதுக்குச் சொல்லணும்?

24.3.1986
பரந்தாமன் பட்டறை முழுக்க ஜிலேபி கொடுத்தான், என்னைத் தவிர. அவன் மட்டும் நாலு தின்றான். தின்னு ராசா, நல்லா தின்னு.

2.6.1986
தண்ணீர்ப் பானையே கதி என்று கிடக்கிறான். மணிக்கொரு தரம் கக்கூஸுக்கு ஓடுகிறான். சட்டை தொளதொள என்று தொங்குகிறது. "வெயிலு மாமே" என்கிறான். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கு நன்றாகப் பசிக்கிறது.

9.9.1986
பூட்ஸ் ஆணி குத்திய காயம் மூன்று வாரமாக ஆறவில்லையாம். மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு நொண்டுகிறான். மனசு கேட்காமல், "ஒருதரம் சர்க்கரை பார்த்துடுடா" என்றேன். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினான்.

"இல்லேன்னு எழுதியே குட்த்துட்டாங்க. என்னியும் உன் கூட்டத்துல சேக்கப் பாக்கறியா?"

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வேலை போகும். அது மட்டும்தானா காரணம்? இல்லை. அவன் அப்போதும் சிரித்தான்.

12.10.1986
பரந்தாமனைப் பார்க்க ஆவடியிலிருந்து ரயில் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். சர்க்கரை முற்றிப்போய் அழுகிவிட்டதாம். அவன் பெண்சாதி வனஜா எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

பரந்தாமன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "உன்னிய அப்டிப் பேசுனேன் பாரு வேலு, அதான் சாமி பார்த்துக் குட்த்துடுச்சு. மன்ச்சுக்கோ" என்று அழுதான்.

கொடுத்தது சாமி இல்லை, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வனஜா பார்த்துக்கொண்டிருந்தாள். பழி சாமி மேலேயே இருக்கட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.